பெருநகரில் வழி வினாதல்



தமிழிலே 'ஆறு' என்னும் சொல்லுக்கு நதி என்பதோடு வழி என்றும் பொருளுண்டு. வழியறியாத ஒருவனை வழியறிந்த ஒருவன் நெறிப்படுத்தி அனுப்புதலே ஆற்றுப்படை. பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுக்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றுள் முருகனிடத்து ஆற்றுப்படுத்தும் திருமுருகாற்றுப்படை ஒழிந்த நான்கிலும், வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், எதிரே பசியோடு வரும் மற்றொருவனை நிறுத்தி, இன்ன நிலத்தைக் கடப்பாய், இன்னார் இன்ன உணவு தருவர், இன்ன ஊரை அடைவாய் என்று சொல்லிவிடுகின்றான். மேனாட்டிலே இன்று நாம் காணும் வழிகாட்டி நூல் ஒரு வாணிகப் பொருளாகப் பிறந்தது. நம் பழைய இலக்கியத்திலோ அது வறியவன் ஒருவன் மற்றொரு வறியவனுக்குச் செய்த உபகாரமாகக் காட்சியளிக்கின்றது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு, அயல்நாட்டுப் பெருநகரம் ஒன்றிலே புதியவன் வழியறிந்து செல்வது எவ்வாறு இயல்வதாயிற்று என்னும் வரலாற்றை இன்று ஆராய்வோம்.

நான் பூவரசங்குளத்தைச் சேர்ந்தவன். வவுனியாவிலிருந்து மன்னார் நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே, குருமன்காட்டையும் நெளுக்குளத்தையும் கடந்து வருவோர் எங்கள் ஊரைக் காண்பர். அதற்கும் அப்பால் செட்டிகுளம். இப்பெயர்களைக் கேட்கும்போதே வன்னியிலே ஊர்ப்பெயர் எவ்வாறு அமைந்தது என்பது விளங்கும். முதலில் ஒரு மரம், அல்லது ஒரு மனிதன், அல்லது ஒரு தொழில். அதன்பின் ஒரு குளம். 1895ஆம் ஆண்டிலே வன்னி மாவட்டங்களைப் பற்றி விரிவான நூலொன்றை வெளியிட்ட ஆங்கில அதிகாரி லூயிஸ், இவ்விடப்பெயர்களைத் தனியே ஆராயும் அளவுக்கு அவற்றிலே ஈடுபாடு கொண்டார். பெயரே இங்கு வரைபடம். ஊருக்குள்ளே தெருப்பெயரும் இல்லை, வீட்டிலக்கமும் இல்லை. குளக்கட்டால் நடந்து, துருசைத் தாண்டி, வான் பாயும் இடத்திலே இடக்கைப் பக்கம் திரும்பி, ஆலமரத்தடி வைரவர் கோயிலுக்கு நேரே இறங்கும் ஒழுங்கையிலே மூன்றாவது படலை என்று சொன்னால் போதும். சொல்பவர் பெரும்பாலும் சொல்வதோடு நில்லாமல் படலை வரையும் கூடவே வந்துவிடுவார்.

இத்தகைய ஊரிலே வளர்ந்த ஒருவன் இலண்டன் போன்ற மாநகரிலே கால் வைக்கும்போது திகைப்பது இயல்பே. ஆனால் அந்நகரம் தன் சொந்த மக்களையே ஒரு காலத்திலே திகைக்கவைத்தது என்பதைப் பலர் அறியார்.

1861ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இலண்டனிலே ஏறக்குறைய 28 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். அக்காலத்து உலகின் மிகப் பெரிய நகரம் அதுவே. சிற்றூர்கள் பல நெருங்கி வளர்ந்து ஒன்றாகிய நகரமாதலின், ஒவ்வோர் ஊருக்கும் உரிய 'அரசர் தெரு', 'தேவாலயத் தெரு' முதலிய பெயர்கள் நகரெங்கும் திரும்பத் திரும்ப வந்தன. ஒரே பெயரிலே பல தெருக்கள் இருந்தமையால் கடிதங்கள் வழிதவறின, மனிதரும் வழிதவறினர். இதனை நீக்கவே 1857, 1858ஆம் ஆண்டுகளிலே தபாற் சீர்திருத்தக்காரராகிய ரோலண்ட் ஹில் நகரத்தைத் திசைகளின் பெயரால் பத்துத் தபால் வட்டங்களாகப் பகுத்தார். 1855இல் நிறுவப்பட்ட மாநகர வேலைச் சபை, இரட்டித்த தெருப்பெயர்களை மாற்றும் பணியை மேற்கொண்டது. முதல் உலகப் போரின்போது, 1917இல், தபால் வட்டங்களுக்கு இலக்கங்களும் இடப்பட்டன. பாரிஸ் நகரிலோ இதற்கு முன்னரே, 1805இல், நெப்போலியனின் ஆணையால் தெருவின் ஒரு புறம் ஒற்றை எண்களும் மறுபுறம் இரட்டை எண்களும் இடும் முறை நடைமுறைக்கு வந்திருந்தது. அங்கே எண்கள் செயின் நதியை அளவுகோலாகக் கொண்டு ஏறிச்செல்லும். நதியை அறிந்தவன் அந்நகரை அறிவான். குளத்தை அறிந்தவன் எங்கள் ஊரை அறிவதுபோல என்று சொல்லலாம்.

இக்காலத்திலேதான் இலங்கைத் தமிழர் ஒருவர் இலண்டன் நகரிலே வாழ்ந்தார். அவர் முத்துக்குமாரசுவாமி. 1862இலே இங்கிலாந்து சென்ற அவர், 1863இலே லிங்கன்ஸ் இன் என்னும் சட்டக் கழகத்தினூடாகப் பரிஸ்டராயினார். அதே ஆண்டிலே அரிச்சந்திரன் நாடகத்தை ஆங்கிலத்திலே பெயர்த்து அந்நகரிலேயே வெளியிட்டார். சொன்ன சொல்லுக்காக நாடிழந்து, காசி நகரத்துச் சுடலையிலே அந்நியனாய் நின்ற அரசனின் கதையை இலண்டன் மக்களுக்கு அறிமுகஞ் செய்தவர் ஒரு தமிழர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அவர் பரிஸ்டரான அந்த 1863ஆம் ஆண்டு, நகரப் போக்குவரத்து வரலாற்றிலும் மறக்கவொண்ணாத ஆண்டாகும். ஜனவரி 10ஆம் தேதி, பாடிங்ரன் என்னுமிடத்திலிருந்து பரிங்டன் வரை, ஏறக்குறைய நான்கு மைல் தூரத்துக்கு, உலகின் முதலாவது சுரங்க இரயில் பொதுமக்களுக்காக ஓடத் தொடங்கியது. நீராவி இயந்திரமே அதனை இழுத்தது. புகையும் கரியும் நிறைந்த அச்சுரங்கத்திலே முதல் நாளிலேயே ஏறக்குறைய 38,000 பேர் பிரயாணஞ் செய்தனர். 1829இலே சில்லிபியர் என்பவர் குதிரை பூட்டிய பொதுவண்டியை முதன்முதலாக அந்நகரிலே ஓட்டினார். அதன் பின் முப்பத்துநான்கு ஆண்டுகளிலே மனிதன் மண்ணுக்குள் இறங்கிவிட்டான்.

மண்ணுக்குள் இறங்கியவுடனே புதியதொரு சிக்கல் தோன்றிற்று. மேலே நடப்பவனுக்குக் கோபுரம் உண்டு, நதி உண்டு, சூரியன் உண்டு. கீழே செல்பவனுக்கு யாது உண்டு? 1890இலே தேம்ஸ் நதிக்கு அடியாக மின்சாரத்தால் இயங்கும் ஆழ்சுரங்க இரயில் ஒன்று திறக்கப்பட்டது. வெளியே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று கருதி, அதன் பெட்டிகளுக்குச் சின்னஞ்சிறு சாளரங்களையே வைத்தனர். நிலையத்தின் பெயரைக் காண இயலாத பிரயாணிக்கு ஊழியர் ஒருவர் கூவிச் சொல்லவேண்டியதாயிற்று. பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று எண்ணிய பொறியியலாளர், தாம் எங்கே இருக்கிறோம் என்பதை அறியவே மனிதன் முதலில் வெளியே பார்க்கின்றான் என்பதை மறந்துவிட்டனர்.

இக்குறையைத் தீர்த்தவர்களுள் முதன்மையானவர் பிறாங்க் பிக் என்பவர். அவர் காலத்திலே நிலையங்களின் சுவர்களை விளம்பரங்கள் மூடியிருந்தன. சவர்க்காரத்தின் பெயருக்கும் நிலையத்தின் பெயருக்கும் வேறுபாடு தெரியாத நிலை. 1908ஆம் ஆண்டளவிலே, சிவந்த வட்டத்தின் நடுவே நீலப் பட்டையிலே நிலையத்தின் பெயரை எழுதும் வழக்கம் தோன்றிற்று. ஓடும் வண்டியிலிருந்தும் படிக்கக்கூடிய தெளிந்த எழுத்து வேண்டுமென்று பிக் விரும்ப, எழுத்தோவியராகிய எட்வேட் ஜோன்ஸ்ரன் வரைந்த எழுத்துரு 1916இலே பயனுக்கு வந்தது. பெயர்ப்பலகை ஒன்றைத் தெளிவாக எழுதுவது அழகுக்காக மட்டும் அன்று. படிக்கும் அந்நியனுக்குக் காட்டும் மரியாதையும் ஆகும்.

அடுத்து வந்தவர் ஹரி பெக். சமிக்ஞைப் பகுதியிலே பணியாற்றிய வரைவாளர் அவர். அதுவரை சுரங்க இரயிற் பாதையின் படம், நகர வரைபடத்தின் மேலே வளைந்து வளைந்து செல்லும் நூற்கோலம்போல இருந்தது. மண்ணுக்குக் கீழே செல்பவனுக்குத் தூரம் எவ்வளவு, திசை யாது என்பது வேண்டியதில்லை. எந்தக் கோட்டிலே ஏறவேண்டும், எங்கே மாறவேண்டும், எங்கே இறங்கவேண்டும் என்பவையே வேண்டும் என்று பெக் கண்டார். கிடையாகவும் நெட்டாகவும் சரிவாகவுமே கோடுகளை வரைந்தார். மேலுலகத்து அடையாளங்களுள் தேம்ஸ் நதி ஒன்றை மட்டும் விட்டுவைத்தார். 1931இலே அவர் காட்டிய படத்தை மேலதிகாரிகள் ஏற்கவில்லை. 1933 ஜனவரியிலே அது சட்டைப்பைப் படமாக வெளிவந்தபோது பொதுமக்கள் உடனே ஏற்றுக்கொண்டனர். இன்று உலகின் பற்பல நகரங்களிலே காணப்படும் இரயிற் படங்கள் அதன் வழித்தோன்றல்களே. சிந்தித்துப் பார்ப்பின், 'துருசு, வான், ஆலமரம், மூன்றாவது படலை' என்று எங்கள் ஊர்ப் பெரியவர் சொல்வதும் இம்முறையே. அவரும் தூரம் சொல்லார். திரும்பும் இடங்களையே சொல்வார்.

ஆயினும் இப்படத்தை நம்பும் உல்லாசப் பிரயாணி ஏமாறும் இடமும் உண்டு. லெஸ்ரர் சதுக்கத்துக்கும் கொவென்ற் கார்டன் நிலையத்துக்கும் இடையே உள்ள தூரம் கால் மைலுக்கும் குறைவு. படத்திலோ அது மற்றைய இடைவெளிகளைப் போலவே தோன்றும். ஆகையால் ஐந்து நிமிடத்தில் நடந்துவிடக்கூடிய தூரத்துக்குக் காசு கொடுத்து ஆழத்திலே இறங்கி ஏறுவோர் பலர். மண்ணுக்கு மேலே செல்வோனுக்கு வேறு துணை வேண்டும். 1836இலே இலண்டனிலே மறே என்பவரும், அக்காலத்திலேயே ஜேர்மனியிலே பேடெக்கரும் வெளியிட்ட கையேடுகள் பிரயாணிகளுக்கு அத்துணையாயின. 1841இலே மலிவான கூட்டுப் பிரயாணத்தைத் தொடங்கிய தோமஸ் குக், 1851ஆம் ஆண்டுப் பெருங் கண்காட்சிக்கு ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் பேரை இலண்டனுக்கு அழைத்துவந்தார். 1936இலே பிலிஸ் பியர்சோல் என்னும் பெண்மணி தெருக்களின் அகரவரிசைப் படநூலை வெளியிட்டார். 23,000 தெருக்களையும் தாமே நடந்து கண்டதாக அவர் சொன்ன கதையை ஆய்வாளர் சிலர் ஐயுறுவர். நூலின் பயனை ஐயுறுவார் இலர். நூலே வேண்டாதவர்களும் அந்நகரிலே உளர். கறுப்பு வாடகைக் கார்ச் சாரதிகள், சாரிங் குறொஸ் என்னும் இடத்தைச் சுற்றி ஆறு மைல் வட்டத்துள் உள்ள ஏறக்குறைய 25,000 தெருக்களை மனனஞ் செய்தே உரிமம் பெறுகின்றனர். 1865 முதல் நடைபெறும் இச்சோதனைக்கு 'அறிவு' என்பதே பெயர். இதிலே தேறியோரின் மூளையிலே இடமறியும் பகுதியொன்று பருத்திருத்தலை 2000ஆம் ஆண்டிலே விஞ்ஞானிகள் கண்டறிந்தனர்.

இத்தனை வரலாற்றையும் படித்தறிந்த பின்னரே நான் சில ஆண்டுகளுக்கு முன் இலண்டன் சென்றேன். தென் பகுதியாகிய ரூற்றிங்கிலே உறவினர் இல்லம். வடக்கே ஹைகேற் என்னுமிடத்திலே 1986இலே எழுந்த முருகன் கோயிலை வழிபட விரும்பினேன். "கறுப்புக் கோடு ஒன்றே, மாமா, மாறி ஏறத் தேவையில்லை" என்றார் மருமகள். பெக்கின் படத்தைக் கையிலே வைத்துக்கொண்டு தனியே புறப்பட்டேன். படித்த செருக்கு யாரையும் கேட்கவிடவில்லை. அக்கறுப்புக் கோடு கம்டன் நகரத்திலே இரண்டாகப் பிரிவதைப் படம் எனக்குக் காட்டத்தான் செய்தது. ஆனால் நான் இருப்பது எந்தக் கிளைக்குச் செல்லும் வண்டி என்பதை வண்டியின் முகப்பிலே எழுதியிருந்தார்கள். அதை நான் படிக்கவில்லை. வண்டி திடீரென வெளிச்சத்துக்கு வந்தபோது பலகையிலே கோல்டர்ஸ் கிறீன் என்றிருந்தது. முருகன் வேறொரு குன்றின்மேல் இருந்தான்.

மேடையிலே திகைத்து நின்ற என்னை மூதாட்டி ஒருவர் கண்டார். நான் கேட்குமுன்னரே எங்கே போகவேண்டும் என்று கேட்டார். தாம் செல்லவேண்டிய வழியை விட்டு, எதிர்த்திசை வண்டி நிற்கும் மேடைவரை என்னுடன் வந்து, எங்கே இறங்கி எந்தப் பெயரைப் பார்த்து ஏறவேண்டும் என்று சொல்லிச் சென்றார். அந்நிய நாட்டு மாநகரிலே ஓர் ஆற்றுப்படையைக் கேட்டேன். எங்கள் ஊரிலே படலைவரை கூடவரும் பெரியவரே அவ்வுருவில் வந்தாரோ என எண்ணினேன்.

நேயர்களே, வழிகாட்டும் அடையாளங்களின் மதிப்பை அவை அகற்றப்படும்போதே நாம் முற்றாக உணர்கின்றோம். 1915ஆம் ஆண்டு இலங்கையிலே கலவரத்தைத் தொடர்ந்து இராணுவச் சட்டம் நிலவியபோது, மக்களின் குறையை முறையிட சேர் பொன்னம்பலம் இராமநாதன் இலண்டனுக்குக் கப்பலேறினார். கடலிலே ஜேர்மானிய நீர்மூழ்கிகள் உலவிய காலம் அது. வான்கப்பல்களின் குண்டுவீச்சுக்கு அஞ்சி இலண்டன் நகரமும் தன் தெருவிளக்குகளை மங்கச் செய்திருந்தது. இரண்டாம் உலகப் போரிலே, 1940ஆம் ஆண்டு, பகைவர் தரையிறங்கின் வழியறியாது திகைக்கட்டும் என்று பிரித்தானியாவெங்கும் வழிகாட்டி மரங்களையும் நிலையப் பெயர்ப்பலகைகளையும் பிடுங்கி எடுத்துவிட்டனர். பகைவன் வரவில்லை, ஊரார்தாம் வழிதவறினர். பெயர்ப்பலகை அந்நியனை வரவேற்கும் கை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இவ்விடத்திலே என் ஊரை அடுத்து நிகழ்ந்ததொன்றைச் சொல்லாமல் இவ்வுரையை முடித்தல் முறையன்று. 2009ஆம் ஆண்டு, யுத்தத்தின் இறுதி மாதங்களிலே, வன்னிப் பெருநிலத்தினின்றும் வந்த மக்களுக்காக, செட்டிகுளப் பகுதியிலே காட்டை வெட்டி மெனிக்பாம் முகாம் அமைக்கப்பட்டது. சில மாதங்களுக்குள் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் அங்கே தங்கவைக்கப்பட்டனர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலே வவுனியா மாவட்டம் முழுவதற்கும் கணிக்கப்பட்ட தொகை ஏறக்குறைய 172,000 என்பதை நோக்கின், அக்கூடார நகரத்தின் பரப்பு ஒருவாறு விளங்கும். ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே வரிசை. மரமில்லை; குளமில்லை; ஒழுங்கையில்லை. வலயமும் பிரிவும் கூடார இலக்கமுமே முகவரி. வலயங்களுக்கு இடப்பட்ட பெயர்களுள் மூன்று ஆனந்தகுமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்பன. முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி. அவருடைய தமக்கையாரின் மைந்தரோ தங்கையாரின் மைந்தரோ என்று தேடவேண்டாதபடி, உடன்பிறந்தாளின் மக்களாகிய மருமக்களே மற்றை இருவரும். கடல்கடந்து சென்று அந்நிய மாநகரிலே வழிகண்ட ஒரே குடும்பத்தின் பெயர்கள், தம் நாட்டிலேயே வழியிழந்து நின்ற மக்களின் கூடார வரிசைகளுக்கு அடையாளமாயின. 

பெற்றோரைப் பிள்ளைகளும் பிள்ளைகளைப் பெற்றோரும் வலயம் வலயமாகத் தேடினர். வெளியிலிருந்து உறவினரைக் காணவந்தோர் முட்கம்பி வேலிக்கு இப்பால் நின்றனர். உள்ளிருந்தோர் வெளியே சென்றுவர அனுமதி பெற்றது அவ்வாண்டு டிசெம்பரிலேதான். அந்நாள்களிலே நான் கண்டதொன்றை மறவேன். இலக்கம் தெரியாத முதியவர்கள் ஊர்ப்பெயரையே கேட்டுச் சென்றனர். "நீங்கள் எந்த ஊர்? எந்தக் குளத்தடி?" என்பதே அவர்களுடைய வினா. விடை சொன்னவர் தாம் அறிந்த அடுத்தவரைக் காட்டினார். அவர் அதற்கடுத்தவரைக் காட்டினார். வறியவன் வறியவனை ஆற்றுப்படுத்தும் அப்பழைய முறை, இலக்கங்களால் ஆன அந்நகரத்துள்ளும் உயிரோடிருந்தது. 2012 செப்ரெம்பரிலே முகாம் மூடப்பட்டது. மீண்டு சென்றோர், காடேறிக் கிடந்த தம் காணிகளைக் கிணற்றாலும் குளக்கட்டாலும் பனைமரத்தாலும் அடையாளங் கண்டனர். கண்ணிவெடி அபாயப் பலகைகள் நின்ற இடங்களிலே அவையும் வழிகாட்டிகளாயின.

இலக்கம் வேண்டாம் என்பது என் கருத்தன்று. இலண்டனிலே தபால் வட்டமும் கோட்டு நிறமும் இல்லாவிடின் நான் ரூற்றிங்குக்கு மீண்டிருக்கமாட்டேன். மனிதனை ஓரிடத்திலே சேர்ப்பதற்கு இலக்கம் போதும். அவ்விடம் தன்னை ஏற்றுக்கொண்டது என்று அவன் உணர்வதற்கோ, பெயர் ஒன்று தெளிவாக எழுதப்பட்டிருக்கவேண்டும். கேட்டால் சொல்ல மனிதர் ஒருவர் நிற்கவேண்டும். பிறாங்க் பிக்கும் ஹரி பெக்கும் செய்த பணியின் சிறப்பு, முன்பின் அறியாத பிரயாணி ஒருவனை மனத்திலே நினைத்து அவனுக்காக உழைத்ததிலே உள்ளது.

ஆகவே அயல்நாடு செல்லும் நேயர்களுக்கு அடியேன் சொல்லக்கூடியது இவ்வளவே. படத்தைப் படித்துக்கொள்ளுங்கள், வண்டியின் முகப்பையும் படித்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசி இன்று எல்லா வழியும் சொல்லும்; அது சொல்லும்போதும், தவறின் ஒருவரைக் கேட்க வெட்கப்படாதீர்கள். ஊரிலே இருக்கும் நேயர்களுக்கும் ஒன்று. மன்னார்த் தெருவிலே பஸ்ஸை விட்டு இறங்கிப் பெயர்ப்பலகையைப் பார்த்துத் திகைத்து நிற்கும் புதியவர் ஒருவரைக் கண்டால், அவர் கேட்கும்வரை காத்திராதீர்கள். படலைவரை கூடச் செல்லுங்கள்.